ஸ்வீடன் மேட்டின் வாசல்

எங்கள் ஊர் மேட்டைக் கட்டியவர்கள் முன்னொரு காலத்தில் படையெடுத்து வந்த ஸ்வீடன்காரர்கள் என்பதில் ஓல்ஷெவ்காவில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. எந்தப் போரில், எந்த ராஜா காலத்தில் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் ஸ்வீடன் சிப்பாய்கள் வரிசையில் நின்று தங்கள் தொப்பியில் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டித்தான் அந்த வட்ட மேட்டை எழுப்பினார்கள் என்பதை எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரு தொப்பியில் எவ்வளவு மண் பிடிக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மேட்டுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் திருவிழா நடத்துவோம். என் தம்பி வீட்டோல்ட் குதிரைமுடி மீசை ஒட்டிக்கொண்டு ஸ்வீடன் தளபதியாக வருவான். பெண்கள் அவனைத் துடைப்பத்தால் அடித்துத் துரத்துவார்கள். கடைசியில் ஒரு வைக்கோல் ஸ்வீடன்காரனை ஏரியில் முக்கிவிட்டு, சாசேஜ் சுட்டுத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

நான் டனூட்டா, ஊர்த் தலைவி. வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். இவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டும் ஊருக்கு ஒரு புறவழிச் சாலை வாங்க முடியவில்லையே என்பதுதான் என் ஆறாத எரிச்சல்.

ஜல்லிக் குவாரி லாரிகள் எங்கள் ஊர் நடுவே போகின்றன. வீட்டுச் சுவரெல்லாம் விரிசல். அலமாரியில் கண்ணாடிக் கோப்பை வைக்க முடியாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஒரு நவம்பர் காலை, பனிமூட்டத்தில் ஒரு லாரி பஸ் நிறுத்தத்துக்குள் புகுந்துவிட்டது. அங்கே நின்றது ஒரே ஒரு பெண். வீட்டோல்டின் மகள் கலீனா.

உயிர் தப்பியது. காலில் இரும்புக் கம்பி வைத்தார்கள். கைத்தடி ஊன்றி நடக்கவும் பழகிவிட்டாள். ஆனால் அந்தச் சாலையை மட்டும் அவளால் கடக்க முடியவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் முகம் வெளுத்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு அவள் அப்பா வாசலிலேயே காரில் ஏற்றி, அங்கே வாசலில் இறக்குவான். அவர்கள் வீடு சாலைக்கு ஒரு பக்கம், என் வீடு மறுபக்கம். தினமும் ஓடி வந்து என் சமையலறையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய பெண், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட என் வீட்டுப் படி ஏறவில்லை. வயது பதினேழு. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

அப்போது முடிவு செய்தேன், சாலை வாங்காமல் விடுவதில்லை என்று. சாலைத் துறை அலுவலகத்தில் என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஊருக்குக் கிழக்கே ரயில் பாதை, மேற்கே ஏரிக்கரைச் சதுப்பு. சதுப்பில் ஒரு முறை மாடு முழுகியிருக்கிறது, அதைத் தூக்கப் போன டிராக்டரும் முழுகியிருக்கிறது. மிச்சம் இருந்த ஒரே வழி, மேட்டை வெட்டிக்கொண்டு போவது. எங்களுக்கு அதில் வருத்தமே இல்லை. ஸ்வீடன்காரன் கொட்டிய மண்தானே, போகட்டும் என்றோம்.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மேட்டைத் தொடுவதற்கு முன் தொல்லியல்காரர்கள் தோண்டிப் பார்க்க வேண்டுமாம். தொல்லியலில் பட்டம் வாங்கிய டாக்டர் சபீனா வந்து சேர்ந்தாள். ஒல்லியான பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. முதல் நாளே என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

"தலைவியம்மா, நேரா சொல்லிடறேன். இது ஸ்வீடன் காலத்து மண்ணுன்னா, அளந்து, படம் வரைஞ்சுட்டு ரோடு போட விட்டுடுவோம். அதுக்கும் ரொம்ப முந்தின, நம்ம முன்னோருங்க கட்டின ஸ்லாவியக் கோட்டைன்னா, ஒரு மண்வெட்டி மண்ணுகூட யாரும் எடுக்க முடியாது."

"அப்போ கவலையே இல்ல. ஸ்வீடன்காரன்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன? வருஷா வருஷம் அவன நாங்கதானே ஏரியில முக்கறோம்!"

அவள் விதைத் தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "இந்த நாட்ல நான் எந்த ஊருக்குப் போனாலும் வட்டமா ஒரு மேடு இருந்தா அது ஸ்வீடன் மேடுதான். அந்தப் படை சண்டையே போட்டிருக்காது போல. காலம் பூரா மண்ணுதான் சுமந்திருக்கு."

அன்றே மகளிர் சங்கத்தைக் கூட்டி, வீட்டில் ஸ்வீடன் சாமான் எது இருந்தாலும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று உத்தரவு போட்டேன். மறுநாளே மேட்டடியில் வரிசை. பன்றிப் பண்ணைக்காரர் ஒரு இரும்புக் குண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பீரங்கிக் குண்டு. எங்க தாத்தா இதே மேட்ல எடுத்தது."

சபீனா உருட்டிப் பார்த்தாள். "இது சிமென்ட் ஆலையில கல்லு அரைக்கற குண்டுங்க. உங்க தாத்தா அங்க வேலை பாத்தாரா?"

பண்ணைக்காரர் குண்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார். அடுத்தது பாதிரியார் வீட்டுச் சமையல்காரி, ஒரு பித்தளைப் பட்டனோடு.

"இது பழைய ரயில்வே கோட்டோட பட்டன்மா," என்றாள் சபீனா.

"ஏன், ஸ்வீடன்ல ரயில் ஓடலியா?"

சமையல்காரி விட்டுக்கொடுப்பவள் இல்லை. ஆனால் எங்கள் ஆதாரம் எதுவும் தேறவில்லை.

தோண்ட இயந்திரம் வேண்டியிருந்தது. ஊரில் மண்வாரி வைத்திருப்பது வீட்டோல்ட் ஒருவன்தான். எனக்குச் சந்தோஷம். நம் ஆள் கையில்தானே மண்வாரி இருக்கிறது என்று நினைத்தேன். தினமும் மேற்பார்வை பார்க்கிற சாக்கில் நானும் போய் நின்றேன். சில நாள் வெறும் மணல்தான் வந்தது. ஒரு புதன்கிழமை, சபீனா போன் வந்ததென்று தன் கார் பக்கம் போயிருந்தாள். மண்வாரியின் வாளி ஒரு முறை சுரண்டியது. கீழே கறுப்பாக ஏதோ ஈரத்தில் பளபளத்தது.

"அக்கா, மரம்," என்றான் வீட்டோல்ட்.

"வேரா இருக்கும். எடு."

"வேர் இல்லக்கா. ஓக் கட்டை. கோடாலி பட்ட தழும்பு தெரியுது."

நான் திரும்பிப் பார்த்தேன். சபீனா முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"வீட்டோல்ட், ஒரே ஒரு வாளி போடு. சுக்கு நூறாகிடும். அவ பாக்கல. கலீனாவ நெனச்சுக்கோ, போடு."

அவன் இயந்திரத்தை அணைத்தான். கீழே இறங்கிப் பள்ளத்தில் மண்டியிட்டு, கையாலேயே சேற்றை வழித்தான். ஒரு கட்டை தெரிந்தது, அதன் குறுக்கே இன்னொன்று, அதன் கீழே மற்றொன்று.

"வந்து பாரேன். ஆணி ஒண்ணுகூட இல்ல. கிளைய அடியோட வெட்டாம கொக்கி மாதிரி விட்டுருக்கான். குறுக்க போற கட்டைய அந்தக் கொக்கி புடிச்சிருக்கு. மேல மண்ணு அழுத்த அழுத்த இன்னும் இறுக்கிப் புடிக்கும்."

"ரொம்ப அழகு. இப்ப மேல ஏறி உக்காரு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "இவ்ளோ பாடு எதுக்குக்கா பட்டிருப்பான்? உள்ள புள்ளைங்க இருந்திருக்கும். வெளிய இருந்து வர்ற எதுவும் புள்ளைங்க மேல மோதிடக் கூடாதுன்னுதானே? அவன் கட்டினத, என் புள்ளைய சாக்கு வச்சு நான் ஒடைக்க மாட்டேன்."

அப்படியே எழுந்து, "டாக்டரம்மா!" என்று கூப்பிட்டான்.

அந்த நிமிடம் அவனை அறைந்திருப்பேன். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்பதற்காக அல்ல. நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. பெற்றவன் அவன், அவனே வேண்டாம் என்கிறான், நான் யார் நடுவில்? ஆனால் அவள் எனக்கும் பிள்ளைதான். அன்று அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

மரத்தின் வளையங்களை எண்ணி வயது சொல்பவர்களிடம் ஒரு துண்டு போனது. பதில் வந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்பு, எங்கள் நாடு ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவ நாடாவதற்கும் முன்னால் வெட்டிய மரமாம். ஸ்வீடன்காரர்களுக்கு ஏழு நூற்றாண்டு மூத்தது. மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டிப் பலகை வைத்தார்கள். புறவழிச் சாலைத் திட்டம் நிறுத்தப்பட்டது.

ஊர் வீட்டோல்டின் மேல் பாய்ந்தது. வழக்கமாக அவன் வீட்டில் கோழி முட்டை வாங்குபவர்கள்கூட வாங்கவில்லை. பீர் கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆகஸ்ட் வந்தது. தளபதி மீசையை யார் ஒட்டிக்கொள்வது என்றுகூட யாரும் கேட்கவில்லை. இல்லாத ஸ்வீடன்காரனை எப்படி முக்குவது? எங்கள் மேட்டுக்கு ஆயிரம் வயதென்று செய்தித்தாளில் வந்தது, ஆனால் அதைப் படித்து ஊரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

கலீனாதான் ஒரு நாள், "எந்தக் கட்டைக்காக எங்க ரோடு போச்சோ, அத நான் பாக்கணும்," என்று அடம்பிடித்தாளாம். வீட்டோல்ட் காரில் மேடு வரை கொண்டுவந்து இறக்கினான். நான் அங்கே சபீனாவோடு சண்டை போடத்தான் போயிருந்தேன். கயிற்றைத் தாண்டி, கைத்தடியை ஊன்றி ஊன்றி இறங்கி வந்தாள். ஈரச் சாக்கு மூடிவைத்திருந்த கட்டையைச் சபீனா திறந்து காட்டினாள். கலீனா அந்தக் கொக்கியை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், விருப்பமில்லாதவள் போல. பிறகு சுற்றிலும் பார்த்தாள். "ஆனா டாக்டர், இவ்ளோ பெரிய சுவரக் கட்டிட்டு இவங்க எப்படி உள்ள வந்து போனாங்க?"

"அதோ, ஊர்ப் பக்கம் ஒரு எடவெளி தெரியுதுல்ல? அதான் வாசல். நாளையிலேர்ந்து அங்கதான் தோண்டப் போறேன்."

கலீனா அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

"அது எங்கப்பா வெட்டினது! திருவிழாவுக்கு பீர் வண்டி உள்ள வரணும்னு."

"வெட்டலம்மா," என்று வீட்டோல்ட் முணுமுணுத்தான். "ஏற்கெனவே கொஞ்சம் சரிஞ்சு கெடந்துச்சு. லேசா அகலப்படுத்தினேன், அவ்ளோதான்."

சபீனா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். படித்தவளின் முகம் சிவந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

"இன்னிக்கு எல்லாரும் எந்தப் பக்கமா வர்றாங்களோ அந்தப் பக்கமே வாசலத் தேடிட்டிருந்திருக்கேன்," என்றாள். "அப்போ இந்தப் பக்கம் ஊரே கெடையாது. அவங்க போனது வந்தது எல்லாம் ஏரிக்குத்தான். வாசல் அந்தப் பக்கம் இருக்கணும்."

"அங்க சதுப்பு," என்றேன் நான். "டிராக்டர முழுங்கின சதுப்பு. அங்க எவன் வாசல் வப்பான்?"

"கால் வைக்க எடமில்லாத பக்கம் யாரும் வாசல் வைக்க மாட்டாங்க தலைவியம்மா. வாசல் இருந்தா வழி இருந்தாகணும். வழி இருந்தா, கீழ கெட்டியா ஏதோ இருக்கணும்."

வழி என்ற சொல்லைக் கேட்டதும் என் காது விடைத்தது. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் தம்பியோடு பேசாமலிருப்பதை மறந்து, "மண்வாரிய எடுடா," என்றேன்.

வாசல் இருந்தது. ஏரிப் பக்கம், புல்லுக்குக் கீழே, இரண்டு தடித்த கதவுத் தூண்களின் அடிக்கட்டைகள். அவற்றின் நடுவிலிருந்து, பக்கம் பக்கமாக அடுக்கிய உருட்டுக் கட்டைகளால் ஆன பாதை ஒன்று புல்வெளிக்குள் போனது. சபீனா கட்டைகளுக்கு அடியில் ஒரு கம்பியைக் குத்தினாள். அரை முழம்கூட இறங்கவில்லை. மணல். கெட்டியான மணல்.

சதுப்புக்கு அடியில் ஒரு மணல் திட்டு முதுகைக் காட்டாமல் படுத்திருந்திருக்கிறது. சாலைத் துறை முன்பு மண்ணைச் சோதிக்கத் துளை போட்டுப் பார்த்ததெல்லாம் நேர்க்கோட்டில். திட்டு வளைந்து வளைந்து போனதால் அவர்கள் கண்ணில் படவில்லை. எங்கள் கண்ணில் மட்டும் பட்டதா? பிறந்ததிலிருந்து அதன் மேல்தான் மாடு மேய்க்கிறோம்.

அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க ஊரே திரண்டது. கட்டடக் கம்பி, கூடாரக் கம்பி, பழைய வேலிக் கம்பி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டோல்டுக்கு வணக்கம் சொல்ல மறுத்தவர்களெல்லாம் அவனுக்குப் பின்னால் முழங்கால் சேற்றில் வரிசையாகக் குத்திக்கொண்டு போனார்கள்.

"இங்க கெட்டி!"

"இங்கயும் கெட்டி!"

"ஐயோ, இங்க இல்ல, என் பூட்ஸ் போச்சு!"

பன்றிப் பண்ணைக்காரர் பூட்ஸை இழந்து, ஒற்றைக் கால் சாக்ஸோடு நின்று குதித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சபீனா பழைய பாதைக்கு ஒரு பக்கமாக வெள்ளைக் குச்சிகளை நட்டுக்கொண்டே வந்தாள். கட்டைப் பாதை புல்லுக்கடியில் அப்படியே இருக்கட்டும், திட்டு அகலமானது, பக்கத்தில் புதுச் சாலைக்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்றாள். மனிதர்களுக்கு அன்றும் ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது, இன்றும் அதே வழிதான் கிடைக்கிறது.

சாலைத் துறைப் பொறியாளர் துளையிடும் வண்டியோடு வந்தார். நாகரிகமான மனிதர், எப்போதும் மெல்லிய குரல். நாள் முழுக்கத் துளை போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வரைபடத்தை என் சமையலறை மேசையில் விரித்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு ஏரிப் பக்கமாக விரலை ஓட்டினார். திட்டு வளைகிற இடமெல்லாம் விரலும் வளைந்தது. பிறகு நின்றது.

"இங்க... ஒரு தோட்டம் இருக்கும்மா."

இருக்கிறது. என் பிளம் தோட்டம். திட்டு அங்கேதான் கரையேறுகிறது, அதன் நடுவில்தான் சாலை போயாக வேண்டும். என் கணவர் இறந்த வருடம், வீட்டுக்குள் அழப் பிடிக்காமல் வெளியே போய்க் குழி தோண்ட ஆரம்பித்து நட்ட மரங்கள். ஒவ்வொன்றும் எப்போது பூக்கும், எது சோம்பேறி, எதன் பழம் ஜாமுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அவற்றோடு நான் பேசுவேன். மனிதர்களோடு பேசுவதைவிட மரியாதையாகவே பேசுவேன்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். ஊரெல்லாம் வீடு வீடாகப் போய், 'ரோட்டுக்கு இடம் கொடுக்காதவன் மனுஷனா' என்று முழங்கியவள் நான்.

ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வீட்டோல்ட் மட்டும் வந்து, "அக்கா, நீ என்ன முடிவு பண்ணாலும் சரி," என்றான்.

"நீ பேசாத. எல்லாம் உன் கொக்கியால வந்த வெனை."

செப்டம்பர் ஆனது. பழம் நீலமாக முற்றித் தொங்கியது. ஏணியில் ஏறிப் பறித்துக்கொண்டிருந்தேன். பறிப்பதைவிட மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அதிகம். கீழே புல்லில் ஏதோ சரசரத்தது.

"அத்தை."

கலீனா. கைத்தடியில் சாய்ந்து நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது.

"தோட்டத்தக் கேக்கறாங்கன்னு அப்பா இன்னிக்குத்தான் சொன்னாரு," என்றாள். மூச்சு வாங்கியது. "குடுக்காதீங்க. எனக்காக மரத்த வெட்ட வேணாம். நான் பழகிப்பேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அத போன்ல சொல்றதுக்கென்ன?"

"போன்ல சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

"உங்கப்பன் எங்க? கார் எங்க?"

"வயல்ல இருக்காரு."

"அப்ப ரோட்ட யாரு தாண்டிவிட்டது?"

"யாரும் இல்ல," என்றாள். அழுகையும் பெருமையுமாக அவள் முகம் கோணியது. "நானேதான்."

அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். சமையலறைக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் புது ஜாமும் கொடுத்தேன். இரண்டு துண்டு தின்றாள். ஊர்க்கதை கேட்டாள். பிறகு அவளை வீட்டில் விட்டுவர நானே கிளம்பினேன்.

சாலையோரம் போய் நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு லாரி போனது. அதன் வாலைப் பிடித்த மாதிரி இன்னொன்று. காற்று எங்களைப் பின்னால் தள்ளியது. கலீனா நேராக எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. இதே நடுக்கத்தோடுதான் அவள் சற்று முன்பு இங்கே தனியாக நின்றிருப்பாள். என் மரங்களைக் காப்பாற்ற.

மற்றக் கையால் போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டேன்.

"தோட்டத்த எடுத்துக்குங்க!" என்று கத்தினேன்.

"என்னம்மா? ஒரே லாரிச் சத்தம். ஒண்ணும் கேக்கல."

"கேக்காதுய்யா! அதுக்காகத்தான் குடுக்கறேன்! பழம் பறிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுங்க, மறுநாளே வந்து வேலைய ஆரம்பிங்க!"

"அத்தை, வேணாம்," என்றாள் கலீனா.

"நீ சும்மா இரு. எல்லாரும் என் பேச்சக் கேளுங்க," என்று அவளையும் சேர்த்து அதட்டிவிட்டு, அடுத்த லாரி போகும் வரை அவள் கையை விடாமல் காத்து நின்றேன்.